பத்து மாத முன்பணமும் பதினோரு மாத ஒப்பந்தமும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் செய்து முடித்தவர்களுக்கு மூன்றாவதாக ஒரு பரீட்சை காத்திருக்கிறது. கட்டிய வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டுப் பார் என்பதே அது. முதல் இரண்டிலும் நன்றாகத் தேறியவர்கள்கூட இந்த மூன்றாவதில் தடுமாறுவதைச் சேலையூரைச் சுற்றியுள்ள தெருக்களில் தாராளமாகக் காணலாம்.

சேலையூரை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில். அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1937-ல், சென்னைக் கிறிஸ்துவக் கலாசாலை ஜார்ஜ் டவுனின் நெரிசலைத் துறந்து, சேலையூர்க் காட்டில் 365 ஏக்கர் நிலத்தில் வந்து அமர்ந்தது. இன்றும் அக்கலாசாலையின் மாணவர் விடுதிகளில் ஒன்றுக்குச் சேலையூர் என்றே பெயர். பிறகு விமானப்படைத் தளம் வந்தது. சானடோரியத்தில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை வந்தது. வேளச்சேரிச் சாலை அகலமாயிற்று. பாரத் பல்கலைக்கழகம் வளர்ந்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்று சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியாயின. கிராமமாயிருந்த ஊர் மாநகரத்தின் ஓர் அங்கமாகிவிட்டது.

இவ்வளவு பேரும் எங்கே குடியிருப்பது? ஆபீஸிலோ பள்ளிக்கூடத்திலோ முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர், சேமநிதியைக் கொண்டு அரை கிரவுண்டில் ஒரு வீடு கட்டி, கீழே தாம் இருந்துகொண்டு, மாடியைப் பிறருக்கு விடுகிறார். பென்ஷனுக்கு மேல் அந்த வாடகைதான் அவருக்கு மருந்துச் செலவு, பண்டிகைச் செலவு, பேரப் பிள்ளைகளுக்கு வாங்கும் பண்டம். கேம்ப் ரோட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரையில் இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் தெருத் தெருவாக இருக்கிறார்கள். இவர்கள் செல்வர்கள் அல்லர். இவர்களுடைய மாடியில் குடியிருப்பவர்களும் பரம ஏழைகள் அல்லர். இரு தரத்தாரும் ஒரே மாதிரி மத்தியதரக் குடும்பத்தினர். ஆனாலும் இருவருக்கும் நடுவே மாதம் ஒரு மனஸ்தாபம் முளைக்கிறது. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே நம் நோக்கம்.

சட்டம் நடந்து வந்த வழி

வாடகை விஷயத்தில் சர்க்கார் தலையிடத் தொடங்கியது யுத்த காலத்தில். ஜாகைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, வீட்டுக்காரர்கள் இஷ்டம்போல வாடகையை உயர்த்திய நிலையில், 1941-ல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. யுத்தம் முடிந்தது, உத்தரவு முடியவில்லை. 1946-ல் அது சட்டமாயிற்று. 1949-ல் வேறு சட்டம், 1960-ல் மறு சட்டம் என்று அது உருமாறி வளர்ந்தது. 1960-ஆம் வருஷச் சட்டம் ஏறக்குறைய அறுபது வருஷம் தமிழ்நாட்டு வீட்டு வாடகையை ஆண்டது.

அந்தச் சட்டத்தின் நோக்கம் நல்லதே. குடியிருப்பவரைத் திடீரென்று தெருவில் நிறுத்தக்கூடாது, நியாயமான வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது அதன் சாரம். ஆனால் நாளடைவில் பெரிய சங்கடம் ஒன்று தோன்றியது. வீட்டுக்காரர் தமக்கே வீடு வேண்டுமென்று கேட்டாலும், வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி, மேல் முறையீடு, ஹைகோர்ட்டு என்று ஏறி இறங்கி வர வருஷங்கள் ஓடிவிடும். தகப்பனார் தொடுத்த வழக்கைப் பிள்ளை நடத்துவது நம் ஊரில் புதுமையல்ல. பலர் வீட்டைப் பூட்டி வைத்தார்களேயன்றி வாடகைக்கு விடத் துணியவில்லை. விட்டவர்களோ, பின்னால் வரும் தொல்லைக்கு முன்னாலேயே ஈடு வாங்கிக்கொள்வதைப் போல, பெரும் முன்பணம் கேட்டார்கள்.

இந்நிலையை மாற்றுவதற்காகத் தமிழ்நாட்டுச் சட்டசபை 2017-ல் ஒரு புதுச் சட்டம் இயற்றியது. நில உரிமையாளர், குடியிருப்போர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்பது அதன் நீண்ட பெயர். 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. 1960-ஆம் வருஷச் சட்டம் அன்றோடு விடைபெற்றது. மத்திய சர்க்கார் தன் மாதிரிச் சட்டத்துக்கு மந்திரிசபையின் ஒப்புதல் தந்தது 2021-ல்தான். இவ்விஷயத்தில் தமிழ்நாடு முந்திக்கொண்டது என்று நாம் பெருமைப்படலாம்.

பழைய சட்டத்துக்கும் புதிய சட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். பழையது வாடகையைக் கட்டுப்படுத்தியது. புதியது ஒப்பந்தத்தைக் காப்பாற்றுகிறது. வாடகை எவ்வளவு என்பதை இரு தரத்தாரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் பேசியதை எழுத வேண்டும். எழுதியதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். டிப்டி கலெக்டர் பதவிக்குக் குறையாத ஓர் உத்தியோகஸ்தர் அந்த அதிகாரத்தை வகிக்கிறார். பதிவை இணையத்தின் மூலமாகவே செய்துகொள்ள வசதியும் உண்டு.

சட்டம் மாறிவிட்டது. மனிதர் மாறினார்களா என்றால், அதுதான் இல்லை. சேலையூரில் இன்றும் பத்து மாத முன்பணமும் பதினோரு மாத ஒப்பந்தமும்தான் அரசாட்சி செய்கின்றன. இவை இரண்டையும் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

முன்பணம் யாருடைய பணம்?

சென்னையில் வாடகையைப் போல் பத்து மடங்கு முன்பணம் வாங்குவது நெடுநாளைய வழக்கம். புதுச் சட்டமோ, வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்ட விரோதம் என்கிறது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது.

“வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய” என்ற அந்தச் சிறு வாசலின் வழியாகத்தான் பத்து மாத முன்பணம் இன்னும் உள்ளே வந்து போகிறது. ஆகவே எழுத்தில்லாமல் பத்து மாதம் வாங்குகிறவர் சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிற்கிறார்.

அது கிடக்கட்டும். அதனால் வீட்டுக்காரருக்கு லாபமாவது உண்டா? உதாரணமாக மாதம் 15,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். பத்து மாத முன்பணம் 1,50,000 ரூபாய். அதை நூற்றுக்கு 7 வட்டிக்குப் பாங்கியில் போட்டால் வருஷத்துக்கு 10,500 ரூபாய் கிடைக்கும். ஒரு மாத வாடகைகூட ஆகவில்லை. இந்தச் சொற்பத்துக்காக ஒன்றரை லட்சம் ரூபாய்க் கடனை அவர் தலைமேல் சுமக்கிறார். கடன் என்றே நாம் சொல்வோம். ஏனெனில் முன்பணம் வருமானமல்ல. என்றாவது ஒரு நாள் எண்ணி வைத்தாக வேண்டிய பிறர் பணம்.

நம் வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் அதைப் பாங்கியில் போட்டு வைக்கிறார்கள்? மகள் கல்யாணத்திலோ, மாடிக்கு மேல் இன்னொரு மாடி எழுப்புவதிலோ அது கரைந்துவிடுகிறது. பழைய குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில், புதுக் குடித்தனக்காரர் கொடுக்கும் முன்பணத்தை வாங்கித்தான் அவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. புதியவர் வரத் தாமதமானால் பழையவரிடம் சாக்கு, சாக்கிலிருந்து சச்சரவு, சச்சரவிலிருந்து வக்கீல் நோட்டீஸ்.

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளக்காரக் குடும்பம் ஒன்று ஒன்றரை லட்சத்தை ஒரே மூச்சில் புரட்டுவது எளிதா? நகையை அடகு வைக்கிறார்கள். அல்லது அதிக வட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் குடித்தனக்காரர் கொடுக்கும் வட்டி பெரிது. இரு தரத்தாரையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வழக்கத்தால் நஷ்டமே. மூன்று மாத முன்பணமான 45,000 ரூபாயும், பதிவான ஒப்பந்தமும் இருந்தால், இருவருமே நிம்மதியாகத் தூங்கலாம்.

பதினோரு மாத மந்திரம்

ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு எழுதுவது ஏன் என்று கேட்டால், அநேகருக்குப் பதில் தெரியாது. எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பார்கள். காரணம் 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. அந்தச் செலவையும் அலைச்சலையும் தப்புவதற்கு நம்மவர் கண்டுபிடித்த உபாயமே பதினோரு மாதம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். பதிவுகள் இரண்டு விதம். சேலையூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்வது ஒன்று. 2017-ஆம் வருஷச் சட்டத்தின்படி வாடகை அதிகார அமைப்பிடம் செய்வது மற்றொன்று. பதினோரு மாத மந்திரம் முதலாவதை விலக்குமேயன்றி, இரண்டாவதைத் தொடவும் தொடாது. எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் அந்த இரண்டாவது பதிவு வேண்டியதே. ஒப்பந்தம் எழுதிப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, எல்லாம் சரியாயிருக்கிறது என்று நினைப்பவர், வழக்கு வந்த நாளில்தான் தம் தஸ்தாவேஜு நொண்டி என்பதை அறிகிறார்.

முத்திரைத் தீர்வை விஷயமும் இப்படியே. நெடுங்காலம் 20 ரூபாய் முத்திரைத் தாளில் வாடகை ஒப்பந்தத்தை எழுதி வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு உட்பட்ட குத்தகைக்குத் தமிழ்நாட்டில் உரிய தீர்வை, வாடகை, முன்பணம் முதலியவற்றின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு 1. பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1. அது 20,000 ரூபாய்க்கு மேல் போகாது. மேலே சொன்ன 15,000 ரூபாய் வீட்டை இரண்டு வருஷத்துக்கு, மூன்று மாத முன்பணத்துடன் விடுவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 4,05,000 ரூபாய். தீர்வை 4,050, கட்டணம் 4,050, ஆக 8,100. இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொண்டால் தலைக்கு 4,050 ரூபாய். இரண்டு வருஷ நிம்மதிக்கு இது அதிகமா என்று நேயர்களே தீர்மானிக்கலாம். வீடு பார்த்துக் கொடுத்த தரகருக்கு வழக்கத்தையொட்டி ஒரு மாத வாடகையை மறுபேச்சின்றி எடுத்துக் கொடுப்பவர்கள், தஸ்தாவேஜுக்கு அதில் கால் பங்கு கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார்கள்!

வெள்ளையடிக்கும் சண்டை

காலி செய்யும் நாளில் நடக்கும் சண்டைகளில் முதன்மையானது வர்ணம் பூசுவதைப் பற்றியது. ஒரு மாத வாடகையை ‘பெயிண்டிங்’ செலவு என்று கழித்துக்கொள்வது பல வீடுகளில் எழுதாத விதி. நான்கு வருஷம் இருந்தவருக்கும் ஒரு மாதம். பத்து மாதம் இருந்தவருக்கும் ஒரு மாதம்.

இதற்கெல்லாம் சட்டத்தின் இணைப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் ஆதாரப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய் மாற்றுதல், மின்சாரக் கம்பி புதுப்பித்தல் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாயின் வாஷர், அடைத்துக்கொண்ட சாக்கடை, சுவிட்சு, தாழ்ப்பாள், உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. குடியிருப்பவர் கெடுத்ததை அவரே சரிசெய்ய வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். இதற்கு மாறாக வேண்டுமானால் ஒப்பந்தத்தில் முன்னாலேயே எழுதிக்கொள்ளலாம். கடைசி நாளில் வாசற்படியில் நின்றுகொண்டு புது விதி செய்வதுதான் கூடாது. சாவி கொடுக்கும் நாளில் இரு தரத்தாரும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, விசிறி இத்தனை, விளக்கு இத்தனை, கீறல் இன்ன இடத்தில் என்று ஒரு காகிதத்தில் குறித்துக் கையெழுத்திட்டு, நாலு படமும் எடுத்து வைத்துக்கொண்டால், காலி செய்யும் நாளில் பாதிச் சண்டை பிறக்கவே பிறக்காது.

இரண்டாவது சண்டை மின்சாரம். ஒரே இணைப்பில் கீழ் வீடும் மாடி வீடும் ஓடும்போது, இரு குடும்பத்தின் உபயோகமும் ஒன்று சேர்ந்து, யூனிட்டின் விலை மேல் படிக்கு ஏறிவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை இணைப்பு ஒன்றுக்குத்தான். வீட்டுக்காரர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வசூலிக்கிறார். சலுகை தமக்குச் சேரவில்லை என்று மாடிக்காரர் முணுமுணுக்கிறார். இருவர் பேரிலும் நியாயம் உண்டு. தனிக் குடித்தனமாகப் பிரிந்திருக்கும் மாடிக்குத் தனி இணைப்பு வாங்கிவிடுவதே இதற்கு மருந்து.

இன்னும் சில விஷயங்களில் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. வாடகை பாக்கி என்று தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. சொந்த வீடுதானே என்று நினைத்த நேரத்தில் உள்ளே நுழையக்கூடாது. இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். வாடகைக்கு ரசீது தர வேண்டும். குடியிருப்பவரும் எழுத்து மூலமான சம்மதமின்றி வீட்டைப் பிறருக்கு உள்வாடகைக்கு விடக்கூடாது. கலாசாலை மாணவர் மூவர் குடிவந்து, வருஷ முடிவில் வேறு அறுவர் இருக்கக் காண்பது சேலையூரில் நடவாத காரியமல்ல. மாணவர்களுக்கு விடுகிறவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது உத்தமம்.

இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதமாகியும் தீர்க்காவிட்டால், வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். சம்மதமின்றி உள்வாடகைக்கு விட்டாலும், வீட்டைத் தவறான காரியத்துக்கு உபயோகித்தாலும், வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்பட்டாலும் போகலாம். அங்கே தீராததற்கு மேலே தீர்ப்பாயம் உண்டு. மாறாக, வீட்டுக்காரர் வீம்பாக வாடகையை வாங்க மறுத்தால், குடியிருப்பவர் அதை வாடகை அதிகார அமைப்பிடம் கட்டிவிடலாம். ஆகையால் பூட்டு மாட்டுவதும் சாமானை வீதியில் எறிவதும் இருவருக்கும் அவசியமற்ற வேலை. அப்படிச் செய்கிறவர் நல்ல வழக்கையும் தம் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்.

போக்கியத்தில் மறைந்திருக்கும் பள்ளம்

வாடகையே கிடையாது, சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, இரண்டு மூன்று வருஷம் குடியிருந்து, போகும்போது முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு போகலாம் என்ற ஏற்பாட்டைப் போக்கியம் என்கிறோம். ஜனங்கள் பேச்சில் இதை ‘லீஸ்’ என்பதும் உண்டு. கேட்பதற்குக் கரும்பாக இருக்கிறது. இதில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது.

பணம் கொடுத்து வீட்டை அனுபவிக்கும் இந்த ஏற்பாடு, 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் கண்ணில் ஓர் அடமானமாக நிற்க வேண்டுமானால், இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் பதிவும் அவசியம். வெறும் தாளில் எழுதிக்கொண்ட போக்கியத்தில், பணம் கொடுத்தவர் கையில் இருப்பது வீட்டின்மேல் பாத்தியதை அல்ல. வீட்டுக்காரரின் வாக்கு மட்டுமே. அந்த வீடு ஏற்கெனவே பாங்கியில் அடமானமாயிருந்து, தவணை கட்டத் தவறினால், 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி பாங்கி வீட்டைக் கைப்பற்ற வந்து நிற்கும். போக்கியக்காரர் வாழ்நாள் சேமிப்பைக் கையில் பிடிக்க வழியின்றி வீதிக்கு வருவார். பணம் கொடுக்குமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதும், மூலப் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்பதும், போக்கியத்தைப் பதிவு செய்வதும் தவறாமல் செய்ய வேண்டியவை. மூலப் பத்திரத்தைக் காட்டத் தயங்குகிறவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. எட்டு லட்சம் வாங்கிச் செலவழித்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து எட்டு லட்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று யோசியாதவர், வீட்டையே விற்கும் நாளை நெருங்குகிறார்.

வீடு வாங்கி விடலாமா?

ஊரில் நிலத்தை விற்ற பணத்திலோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணத்திலோ இரண்டாவது வீடு ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன என்று பலர் யோசிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறு கணக்குப் போட்டுக் காட்டுவோம்.

பத்திர மதிப்பு 60 லட்சம் ரூபாயுள்ள ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7. பதிவுக் கட்டணம், 2023-ல் குறைத்த பிறகு, நூற்றுக்கு 2. ஆகப் பதிவுக்கு மட்டும் 5,40,000 ரூபாய். வாடகை மாதம் 15,000 வந்தால், முழுசாக மூன்று வருஷத்து வாடகை சர்க்காருக்கே சரி. அதன்பின் வருஷம் 1,80,000 ரூபாய். அறுபது லட்சத்துக்கு இது நூற்றுக்கு 3. அதிலும் வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், பழுது பார்க்கும் செலவு, சொத்து வரி எல்லாம் போக வேண்டும்.

சொத்து வரி 2022-ல் ஏறியது. 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு நூற்றுக்கு 25 என்று தொடங்கி, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு நூற்றுக்கு 100 வரை அந்த ஏற்றம் இருந்தது. ஆனால் அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டிவிடுகிறவர்களுக்கு நூற்றுக்கு 5 சலுகை உண்டு. அதை விட்டுவிடக் கூடாது. வருமான வரிக் கணக்கில், கட்டிய சொத்து வரியை வாடகையிலிருந்து கழித்து, மிச்சத்தில் நூற்றுக்கு 30-ஐப் பராமரிப்புக்கென்று தள்ளிவிடுகிறார்கள். வெள்ளையடித்தீர்களா, எவ்வளவு ஆயிற்று என்று அதற்கு ரசீது கேட்பதில்லை. வரி கட்டும் வீட்டுக்காரருக்குச் சர்க்கார் காட்டும் கருணைகளில் இது ஒன்று.

வீடு வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் பெயரில் இருந்தால் வேறொரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தியாவில் வசிக்காதவருக்கு வாடகை கொடுக்கும் குடித்தனக்காரர், நூற்றுக்கு 30-க்கு மேல் வரியைப் பிடித்துச் சர்க்காருக்குக் கட்ட வேண்டியவர். இது வீட்டுக்காரருக்கும் தெரிவதில்லை, குடியிருப்பவருக்கும் தெரிவதில்லை. பின்னால் நோட்டீஸ் வரும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழிக்கிறார்கள்.

மனைப் பிரிவில் வாங்குகிறவர்கள் மற்றொன்றையும் மறக்கக் கூடாது. ஏரிகளும் தாங்கல்களும் நிறைந்த பிரதேசம் இது. சேலையூருக்கு ஏரி உண்டு. பக்கத்துச் செம்பாக்கத்துக்கும் உண்டு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்வதை 2016-ல் சென்னை ஹைகோர்ட்டு தடுத்து நிறுத்தியபோது, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு ஒரே நாளில் முடங்கிப் போயிற்று. மலிவு என்று கேட்டவுடன் கையை நீட்டாமல், அங்கீகாரமும் பட்டாவும் பார்த்த பிறகு நீட்டுவது புத்திசாலித்தனம். விலை ஏறும் என்ற நம்பிக்கை வேறு, வாடகை வருமானம் வேறு. முதலாவதை நம்பி வாங்குகிறவர் இரண்டாவதைக் கொண்டு கடன் தவணை கட்டிவிடலாம் என்று நினைத்தால், மாதாமாதம் சொந்தக் கைப் பணம் போட வேண்டி வரும்.

எழுத்தே காவல்

1948-ல் நம் சட்டசபை ஜமீன் முறையை ஒழிக்கச் சட்டம் செய்தது. ஆனால் மாடிப் படிக்கட்டுகளில் மட்டும் ஜமீன் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்காரர் ஜமீன்தார் போலக் கட்டளையிடுகிறார். குடித்தனக்காரர் குடியானவர் போல முணுமுணுக்கிறார். பத்து மணிக்கு மேல் விளக்கு எரியக்கூடாது, விருந்தாளி தங்கக்கூடாது, இன்ன சாதியார், இன்ன மதத்தார், இன்ன உணவு உண்பவர் வரக்கூடாது என்று விதிக்கும் பலகைகளைப் பார்க்கும்போது, சுயராஜ்யம் தெரு முனை வரைதான் வந்திருக்கிறதோ என்று நமக்கு ஐயம் உண்டாகிறது. வீடு விடுவதும் எடுப்பதும் சம அந்தஸ்துள்ள இரு பிரஜைகள் செய்துகொள்ளும் ஒரு காரியம். அதில் ஒருவர் தயவு செய்கிறவரும் அல்லர். மற்றவர் தயவை ஏற்கிறவரும் அல்லர்.

எழுதிக் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்களே என்று கூசுகிறவர்கள் நம்மில் பலர். உண்மையில் வாய்ச் சொல்தான் நட்பைக் கெடுக்கிறது. வருஷங்கள் ஓட ஓட, இரு காதுகளும் கேட்டது இரு விதமாகிவிடுகிறது. காகிதத்துக்கு அந்த மறதி கிடையாது. வீட்டுக்காரரின் ஒரே சொத்தும், குடித்தனக்காரரின் சிறு சேமிப்பும் அந்தக் காகிதத்தின் நிழலில்தான் பத்திரமாயிருக்கின்றன.

ஆகவே நேயர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். வாடகைக்கு விட்டிருப்பவர்களானாலும் குடியிருப்பவர்களானாலும், இந்த வாரக் கடைசியில் உங்கள் ஒப்பந்தத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். எழுத்தில் இல்லையென்றால் எழுதுங்கள். காலாவதியாகியிருந்தால் புதுப்பியுங்கள். பதியாதிருந்தால் பதியுங்கள். அதற்காக மாடிக்காரர் கீழே இறங்கி வரட்டும், அல்லது கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறிப் போகட்டும். கையெழுத்து ஆகும் வரையில் ஒரு டம்ளர் காபிக்கும் நேரம் இருக்கும்.